அளந்த அரிசியில் ஒரு பிடி

மிசோரமில் கிறிஸ்தவம் வளர்ந்த கதையை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1894 ஜனவரியில் தொடங்குவார்கள். லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேய மிஷனரிகள் அப்போதுதான் லுஷாய் மலைக்கு வந்து, மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தில் வரிவடிவம் அமைத்தார்கள். 1897இல் வேல்ஸ் நாட்டு மிஷனிலிருந்து டி. இ. ஜோன்ஸ் வந்தார். 1899இல் முதல் இருவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கிறிஸ்தவம் அங்கே வந்து சேர்ந்த கதை இது. வந்தது எப்படி வேர் பிடித்தது என்று கேட்டால் இந்த ஆண்டுக் கணக்கு உதவாது. அதற்கு 1910ஆம் ஆண்டுக்கு, அதுவும் அடுப்பங்கரைக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு தொடங்கிய வழக்கத்துக்குப் பெயர் ‘புஹ்ஃபாய் தாம்’. புஹ்ஃபாய் என்றால் அரிசி, தாம் என்றால் பிடி. உலைக்கு அரிசி அளந்ததும் வீட்டுப் பெண் ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவாள். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு பிடி. சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கி வருவார்கள். அதை விற்ற பணம் ஊழியத்துக்குச் சேரும். அந்தப் பிடி எதிலிருந்து போகிறது என்பதுதான் முக்கியம். களஞ்சியத்தில் மிஞ்சியதிலிருந்து இல்லை, அந்த வேளைச் சோற்றிலிருந்தே போகிறது. அறுப்பின் பண்டிகைக்கு ஒரு மூட்டை நெல் கொண்டுபோய் இறக்கியவர் அதை அன்றே மறந்துவிடலாம். இவளோ உலை வைக்கும்போதெல்லாம் நினைத்துத்தான் ஆக வேண்டும். காட்டை எரித்து ஜூம் சாகுபடி செய்து பிழைத்த மலை வீடுகளில் ரொக்கம் அரிது. பெண் யாரையும் கேட்காமல் கைவைக்கக்கூடிய ஒரே சொத்து அரிசிப் பானைதான். தன் கையால் கொடுக்க அவளுக்கு முதன்முதலாகக் கிடைத்த வழி இது என்பது என் கணிப்பு.

வழக்கம் முளைத்த மறு ஆண்டே மலையில் மௌதாம் பஞ்சம் வந்தது. மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைந்ததையெல்லாம் தின்று தீர்த்தன. சோற்றுக்கே வழியில்லாத காலம் அது. புதிதாக வந்த வழக்கம் அதிலேயே அழிந்திருக்க வேண்டும், ஆனால் நிலைத்தது. பின்னர் 1966இல் மிசோ மலையில் மூண்ட ஆயுதக் கிளர்ச்சியை அடுத்து ராணுவம் ஊர்களைப் பெயர்த்து ஒன்றாகக் குடியமர்த்தியது. 1968இல் வேல்ஸ் மிஷனரிகள் வெளியேற வேண்டியதாயிற்று. வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் நின்ற சபை என்றால் அப்போதே சரிந்திருக்கும். மிசோ சபையோ அதன் பிறகும் வெளி மாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்பியது. அந்தச் செலவில் கைப்பிடி அரிசிக்குப் பெரும் பங்கு உண்டு. வயலே இல்லாமல் கடையில் அரிசி வாங்கும் அய்சால் நகர வீடுகளிலும் இன்றைக்கும் அந்தப் பிடி தனியே போகிறது.

இதில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது, பிடி அரிசி இந்நாட்டின் பழைய தருமம்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பஞ்சாபில் ஆரிய சமாஜத்தார் வீட்டுக்கு வீடு பிடி மாவு சேர்த்துக் கல்லூரி நடத்தினார்கள். காஞ்சி மடத்தின் பிடி அரிசித் திட்டத்தை நம் ஊரில் பலரும் அறிவார்கள். ஆகவே பிடிக்கு மதம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். வெளியிலிருந்து வந்த ஒரு விசுவாசம் மண்ணின் பழைய கைப்பழக்கத்துக்குள் புகுந்துகொண்டதால்தான் அந்நியமாக நிற்கவில்லை என்பதே என் வாதம். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் இதை உணர்ந்திருந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லில் அமர்ந்தவர் அவர். அவருடைய சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா கூலிக் குடும்பங்கள். அவர்களிடம் போய்ச் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வையுங்கள் என்றார். ஏழையிடம் கேட்பது கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கை ஏந்த மட்டுமே விடப்பட்டவரைக் கொடுப்பவராக மதித்துக் கேட்பதும், அவரிடமிருந்து பிடுங்குவதும் ஒன்றாகாது.

நாள்தோறும் செய்வது வெறும் பழக்கமாகிவிடும், பக்தி தேய்ந்துவிடும் என்பது இன்னொரு குறை. தேயும்தான். ஆனால் உணர்ச்சி வற்றிய நாளிலும் கை தானாகப் பானைக்குள் போகிறதே, மரபு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போனது அப்படித்தான். அம்மா அளப்பதைப் பார்த்து நின்ற சிறுமிக்கு யாரும் வேதபாடம் எடுக்கத் தேவைப்படவில்லை. எனக்கு விடை தெரியாத குறை ஒன்றுதான். நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பிடியை எடுத்து வைத்த பெண்களுக்கு மிசோ பிரஸ்பிடேரியன் சபை குருப்பட்டம் தர நெடுங்காலமாக மறுத்தே வந்திருக்கிறது. அரிசி சேர்த்தவர்கள் அவர்கள், வீடு வீடாக நடந்தவர்கள் அவர்கள். பலிபீடத்துக்கு மட்டும் ஏன் வரக்கூடாது என்று அங்குள்ள பெண்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.