ரயிலடியில் யார் விற்கலாம்?

பழைய ரயில்வே கட்டடங்களைக் கடைகளாக மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள்தாம் கேட்கின்றன. ஒன்று, வளர்ச்சி என்று கைதட்டும் குரல். இன்னொன்று, பாரம்பரியம் போச்சே என்று அங்கலாய்க்கும் குரல். கல்சுவரையும் தேக்கு உத்தரத்தையும் ஓட்டுக் கூரையையும் நினைத்துக் கவிதை எழுத நம் சிற்றிதழ்களில் ஆள் பஞ்சமில்லை. ஆனால் அடியில் இரண்டு குரல்களும் ஒரே நம்பிக்கையில்தான் நிற்கின்றன. ரயில் நிலையம் பயணத்துக்கானது, வியாபாரம் பிற்பாடு வந்து அதற்குள் புகுவது என்ற நம்பிக்கை அது. ஒருவர் அதை வரவேற்கிறார், மற்றவர் வருத்தப்படுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். வரலாறு அப்படி இல்லை.

விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி போகும் பாதை 1927இல் திறக்கப்பட்டது. போட்டது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் போகும் பாதை 1876இலேயே வந்துவிட்டது. கொல்லத்தையும் திருநெல்வேலியையும் இணைத்த மலைப்பாதை 1904இல் முழுமை பெற்றது. 1927இன் பாதை இந்த இரண்டுக்கும் குறுக்கே போட்ட தையல். கரிசல் பருத்தி ஒரு பக்கம், மலைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு மறு பக்கம், நடுவில் சந்தைகள். இந்தப் பாதையில் சங்கரன்கோவிலுக்கும் கடையநல்லூருக்கும் நடுவே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அதன் பெயர் பாம்புக்கோவில் சந்தை. சந்தை என்ற நம் சொல்லை 'ஷாண்டி' என்று வெள்ளைக்காரன் வாயில் போட்டு மென்று, அப்படியே பெயர்ப்பலகையிலும் எழுதிவிட்டார்கள். ஊர்ப்பெயரிலேயே சந்தையைச் சுமந்து நிற்கிற ரயிலடியைப் பார்த்து 'இங்கே வியாபாரம் நுழைகிறதே' என்று யாராவது வருத்தப்பட்டால் சிரிக்கத்தான் வேண்டும்.

ராஜபாளையத்தில் ராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கப்பட்டது. அதாவது ரயில் வந்து ஒன்பது வருஷத்தில். ரயிலால்தான் மில் வந்தது என்று ஒற்றைக் காரணம் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் பஞ்சுப் பொதி வர வேண்டும், நூல் போக வேண்டும், இயந்திரம் இறங்க வேண்டும் என்ற நிலையில் கூட்ஸ் ஷெட்தான் ரயிலடியின் நெஞ்சாங்குலை. பிளாட்பாரமும் டிக்கெட் ஜன்னலும் அதன் முகப்பு. நம் நினைவேக்கக் கட்டுரைகள் முகப்பை மட்டுமே பார்க்கின்றன. மூட்டை ஏற்றியவர் அதில் வருவதில்லை.

இனி முகப்புக்கே வருவோம். கம்பெனி காலத்து ரயில் நிலையத்துக்குள் விற்பனை நடந்துகொண்டுதான் இருந்தது, கறாரான ஒழுங்கோடு. பெரிய நிலையங்களில் வெள்ளைக்காரர்களுக்கும் மேல்வகுப்புப் பயணிகளுக்கும் ஸ்பென்சர் கம்பெனியின் சிற்றுண்டி அறை. படிப்பதற்கு ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை. மற்றவர்களுக்கு இந்து உணவு விடுதி, அதற்குள்ளேயும் பிராமணாளுக்குத் தனி இடம், இதராளுக்குத் தனி இடம். வடக்கே 'ஹிந்து தண்ணீர்', 'முஸ்லிம் தண்ணீர்' என்று கூவி விற்றார்கள். இங்கே இலை போடுகிற இடத்திலேயே தடுப்புச் சுவர். சுயமரியாதை இயக்கமும் நீதிக்கட்சியும் இதை விடாமல் எதிர்த்தன. பெரியார் தொடர்ந்து எழுதியும் பேசியும் போராடியும் வந்த பிறகு 1941இல்தான் ரயில்வே உணவு விடுதிகளில் இந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. டிக்கெட் வாங்கிய எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிய நவீன இயந்திரம், அவர்களை ஒரே பந்தியில் உட்கார வைக்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. ரயில் சாதியை உடைத்தது என்று பள்ளிக்கூடப் புத்தகம்போலச் சொல்லித் திரிபவர்கள் இந்த வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

வெளி என்பது காலியாகக் கிடக்கிற இடமல்ல, உறவுகளால் உற்பத்தி செய்யப்படுவது என்று லெஃபெவர் சொன்னதை எடுத்துக்காட்டத் தோன்றுகிறது. தத்துவப் பேரைச் சொல்லி மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். மூன்றாம் வகுப்பில் போன நம் தாத்தாக்களுக்கு லெஃபெவர் தேவைப்படவில்லை. எந்தக் கதவுக்குள் போகக்கூடாது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். கேட்க வேண்டிய கேள்வி, ரயிலடியில் கடை வரலாமா கூடாதா என்பதல்ல. எந்தக் காலத்திலும் அங்கே கடை இருந்தது. யார் விற்கலாம், யார் விற்றால் குற்றம், அதைத் தீர்மானிப்பது யார்?

பாரம்பரியவாதிகளிடம் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். எதன் பாரம்பரியம்? இந்தப் பாதை திறந்த அடுத்த வருஷம், 1928 ஜூலையில், தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாகப்பட்டினம் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றுவதும் அதை ஒட்டிய ஆட்குறைப்பும் பின்னணி. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதானார்கள், பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சிங்காரவேலரின் தண்டனை குறைந்தது. அந்த வேலைநிறுத்தத்தை நினைவுபடுத்துகிற ஒரு செங்கல்லையாவது பாதுகாக்க வேண்டும் என்று எந்தப் பாரம்பரியக் குழு கேட்டது? ராயபுரம் நிலையத்துக்காக (1856) பேச ஆள் இருக்கிறது. எழும்பூருக்காகவும் (1908) இருக்கிறது. அவை பாதுகாக்கப்பட வேண்டியவைதாம், சந்தேகமில்லை. பாம்புக்கோவில் சந்தைக்காக யார் பேசுவார்?

1992இல் மீட்டர் கேஜ் எல்லாவற்றையும் அகலப் பாதையாக்கும் 'யூனிகேஜ்' திட்டம் வந்தது. விருதுநகர்–தென்காசிப் பாதை மாற்றப்பட்டு 2004இல் திரும்ப ஓடத் தொடங்கியது. அதற்குள் சரக்கு லாரிக்குப் போய்விட்டிருந்தது. நாடெங்கும் கூட்ஸ் ஷெட்டும் பார்சல் அறையும் ஊழியர் குடியிருப்பும் 'பயன்படாத பழைய கட்டடம்' ஆகிவிட்ட காலம் அது. இந்த வார்த்தையை ஏதோ வர்ணனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கட்டடத்தை அப்படிக் கூப்பிட்டு முடித்ததும் அது சொத்தாகிவிடுகிறது. அதற்கு விலை வந்துவிடுகிறது.

வெளிநாட்டு உதாரணங்களை நம்மவர்கள் அடிக்கடி காட்டுகிறார்கள். பாரிஸின் ஓர்சே நிலையம் 1900இல் கட்டப்பட்டு, இடிபடப் போன நிலையிலிருந்து மீண்டு, 1986இல் அருங்காட்சியகமானது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் யூனியன் ஸ்டேஷனிலிருந்து 1978இல் கடைசிப் பயணி ரயில் போய்விட, 1985இல் அது ஓட்டலும் கடைகளும் கொண்ட வணிக வளாகமாகத் திறந்தது. கொஞ்ச வருஷம் கூட்டம் நெரிந்தது. அப்புறம் கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அங்கே நடந்தது என்ன? ரயில் போனது, கட்டடம் அநாதையானது, வியாபாரம் அதைத் தத்தெடுத்தது. ராஜபாளையத்தில் ரயில் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஏறுகிற ஜனம் குறையவில்லை. உயிரோடு இருக்கிறவரின் சொத்துக்கு உயில் எழுதுகிற வேலை இது. ஆகவே அந்த உதாரணம் இங்கே செல்லாது.

இங்கே அது நடந்த விதத்தைப் பாருங்கள். 2005இல் ரயில்வே சட்டம் திருத்தப்பட்டு, நிலத்தை வணிக ரீதியாகப் பயன்படுத்துவதற்கென்றே ரயில் நில வளர்ச்சி ஆணையம் உருவானது. 2009-10 ரயில்வே பட்ஜெட்டில் நிலைய வளாகங்களுக்குள் கடை, உணவகம், தங்கும் விடுதி எல்லாம் சேர்ந்த 'பன்னோக்கு வளாகங்கள்' அறிவிக்கப்பட்டன. 2018இல் நிலைய மறுசீரமைப்புக்குக் குத்தகைக் காலம் 99 ஆண்டு வரை போகலாம் என்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. தனியார் கூட்டுறவில் மறுகட்டுமானமான போபால் ஹபீப்கஞ்ச் 2021இல் ராணி கமலாபதி என்ற புதுப் பெயரோடு திறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் அம்ருத் பாரத் நிலையத் திட்டம் வெளியானது. மதுரைக் கோட்டத்துப் பட்டியலில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன. பயன்பாடற்ற பழைய கட்டடங்களைச் சிக்கனமாக இடம் மாற்றி வெற்றிடத்தை மீட்பது அந்தத் திட்ட அறிவிப்பில் வெளிப்படையாகவே சொல்லப்பட்ட நோக்கம்.

நல்ல கழிப்பறையும் நிழலும் உட்கார இடமும் வருவதை எதிர்க்க எவருக்கும் உரிமையில்லை. வெயிலில் வண்டிக்குக் காத்திருக்கிற கிழவியிடம் போய்ப் பழைய ஸ்டேஷனின் அழகைப் பற்றிப் பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் அதே அறிவிப்பின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது.

வண்டி நின்ற உடனே ஜன்னலோரம் ஓடிவருகிறவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். கொய்யா, வெள்ளரிப்பிஞ்சு, சுண்டல், பூ, தூக்குவாளியில் டீ. இவர்களில் லைசென்ஸ் உள்ளவர் சிலர். இல்லாதவர் செய்வது ரயில்வே சட்டம் 1989இன் 144ஆவது பிரிவின்படி குற்றம். அதே கொய்யாக்கூடையோடு ரயில்வே எல்லைக்கு வெளியே ரோட்டில் உட்கார்ந்தால் கதை வேறு. 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருக்கு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. கணக்கெடுக்காமல், சான்றிதழ் வழங்காமல் அவரை அப்புறப்படுத்த முடியாது என்கிறது. பல பத்தாண்டுப் போராட்டத்தின் பலன் அந்தச் சட்டம். அதன் முதல் பிரிவிலேயே, நாலாவது உட்பிரிவாக, ஒரு வரி இருக்கிறது: ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கும் வளாகத்துக்கும் ரயில்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

இந்த விலக்கும் 99 ஆண்டுக் குத்தகையும் ஒரே நிலத்தின் மேல் விழுகின்றன. வளாகம் விரிய விரிய, நிலைய முற்றம் கடைவீதியாக ஆக ஆக, சட்டம் செல்லாத நிலம்தான் ஊருக்குள் கடைவீதியாக மாறிக்கொண்டிருக்கிறது. கடை எடுக்க ஏலம், வைப்புத்தொகை, கணக்கு வழக்கு எல்லாம் உண்டு. அது இல்லாதவர் விற்றால் ஆர்.பி.எஃப். வரும். பிராமணாள், இதராள் என்று எழுதிய பலகை 1941இல் போய்விட்டது. புதிய பலகையில் எழுத்தே கிடையாது, டெண்டர் படிவம்தான் உண்டு. அந்தப் படிவத்தை நிரப்ப முடிகிறவர்களின் சாதியையும் முடியாதவர்களின் சாதியையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்லது.

ஒரு பதில் வரும் என்று தெரியும். 2022 மார்ச்சில் தொடங்கிய 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டம் உள்ளூர்க்காரர்களுக்குத்தானே கடை தருகிறது? தருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதுவும் நல்லதே. விறகடுப்பில் பாலைக் கிண்டுகிற கைகளுக்கு ரயிலடியில் ஒரு மேஜை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் அந்த மேஜை சுழற்சி முறையில் கிடைப்பது, நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அளக்கப்படுவது. வளாகக்காரருக்கு வருஷங்கள் எண்ணப்படுகின்றன, பால்கோவாக்காரருக்கு நாட்கள். தவிர, 'ஒரு பொருள்' என்று தேர்ந்தெடுத்த உடனேயே கொய்யா வெளியே போய்விடுகிறது. பால்கோவாவுக்கு ஊர்ப்பெருமை உண்டு, கொய்யாவுக்கு இல்லை. காட்சிக்கு வைக்கத் தகுந்த வறுமை உள்ளே வரலாம், மற்றது கேட்டுக்கு வெளியே.

தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே, தங்களுக்குள் தேர்தல் நடத்தி, உறுப்பினராக வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். யார் எங்கே விற்கலாம் என்பதில் விற்கிறவருக்கே குரல் தருகிற ஏற்பாடு நம் நாட்டில் இது ஒன்றுதான் உருப்படியாக இருக்கிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிலையத்துக்குப் போகிற ரோட்டில் அந்தக் குழு பேசலாம், தீர்மானம் போடலாம், இடம் ஒதுக்கச் சொல்லலாம். ரயில்வே எல்லைக்கல் வரைக்கும்.