குற்றவியல் முதுகலை: நம்மைப் பற்றி எழுதப்பட்ட முதல் பாடநூல்

தோழர்களே, குற்றவியலும் குற்ற நீதியியலும் முதுகலையில் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

குற்றவியல் பாடநூல்கள் பெரும்பாலும் இத்தாலியில்தான் தொடங்கும். முதலில் பெக்காரியா, அடுத்து லொம்ப்ரோசோ. மண்டையோட்டையும் தாடையையும் பார்த்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று லொம்ப்ரோசோ எழுதியது 1876இல். அது தவறு என்று அடுத்த வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1871இல், பிரிட்டிஷ் இந்தியா குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. இங்கே மண்டையை அளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சாதிப் பெயர் போதும். தச்சன் மகன் தச்சன், அப்படியானால் திருடன் மகன் திருடன் என்ற கணக்கு அது. கணக்கு யாருடையது என்று உங்களுக்கே தெரியும்; வெள்ளைக்காரன் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தான்.

சென்னை மாகாணத்தில் முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி 1892இல் 'குற்ற வகுப்பினர்' பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குறவர், வேப்பூர்ப் பறையர் என்று சாதிவாரியாக அத்தியாயங்கள். எப்படி உடுத்துவார்கள், எப்படிக் கன்னம் வைப்பார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. எந்த வறுமை, எந்த நிலப்பறிப்பு, யாருடைய பொய்ப்புகார் என்ற கேள்விதான் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கை அளந்தார். உடல் அளவை குறித்து அவர் நடத்திய பயிற்சியில் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். நம் மண்ணில் குற்றவியல் வகுப்பறை தொடங்கிய இடம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

1911இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை, இரவில் காவல் நிலையத்தில் ஆஜர், ஊர்விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் ஒழிந்தது. ஒழிந்தது என்றா சொன்னேன்? 1948இலேயே 'வழக்கமான குற்றவாளிகள்' பெயரில் இன்னொரு சட்டம் வந்துவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை 1965இல் தொடங்கியது. பின்னர் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் துறை வந்தது. அதே நெல்லையில்தான் பாளையங்கோட்டை மத்திய சிறை. அங்கே கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதை எதிர்த்த வழக்கில், மோதலைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்ற அரசின் விளக்கத்தை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. சாதிப்படி வேலை ஒதுக்கும் சிறைக் கையேட்டு விதிகளையும் ரத்து செய்தது.

2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சிறைகளிலோ ஐந்தில் ஒருவர். முதுகலையில் ஆய்வேடு எழுதியாக வேண்டுமல்லவா? தீர்ப்புக்குப் பிறகு தமிழகச் சிறைகளின் தொகுதிகளிலும் பதிவேடுகளிலும் என்ன மாறியிருக்கிறது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனு எழுத நாங்கள் உதவுகிறோம்.