பத்திரமில்லாதவன் பிரஜையில்லை

வழக்கிலே தோற்றவனுக்கு, தன் நியாயத்தை யாரோ ஒருவர் செவிமடுத்தார் என்ற ஆறுதலாவது மிஞ்சும். கேளாமலே தள்ளப்பட்ட வழக்குக்காரனுக்கு அதுவும் இல்லை. இலங்கையிலே அவ்வாறு தள்ளப்பட்டவர்களின் வரலாற்றை நாம் மறந்துவிடலாகாது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தவர் என்று நிறுவாதவனை அந்நியனாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என ஒரு வாசலைத் திறந்தது. அவ்வாசல் 1951 ஆகஸ்ட் 5ஆம் தேதி அடைபட்டது. அதற்குள் குவிந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 2,37,000. அவற்றில் அடங்கிய மக்கள் எட்டு லட்சத்துக்கும் அதிகம். முடிவில் பிரஜாவுரிமை பெற்றவரோ சுமார் 1,34,000 பேர்தாம்.

மற்றவர்கள் அனைவரும் பொய்யரா? அல்லர். 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன், மணமானவன் ஏழாண்டும் மணமாகாதவன் பத்தாண்டும் இடையறாது வசித்ததை நிறுவ வேண்டுமெனச் சட்டம் விதித்தது. அதாவது, 1939இலும் 1936இலும் எங்கிருந்தாய் என்று கூலிக்காரனைக் கேட்டது. விண்ணப்பத்திலே குறை காணின் ஆணையாளர் அறிவித்தல் அனுப்புவார். மூன்று மாதத்துக்குள் காரணம் காட்டாவிடின் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். எழுத்தறியாதவனின் மௌனம், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்பட்டது.

தோட்டத் தொழிலாளிக்கு நிர்வாகத்தின் செக்ரோலாவது இருந்தது. கொழும்பு நகரத்துத் தொழிலாளிக்கு என்ன இருந்தது? கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு நடந்து, அன்றன்று அழைத்தால் வேலை, அழையாவிட்டால் பட்டினி என்றிருந்தவனின் பெயரை எந்த ஏடு தாங்கியது? வெள்ளவத்தை நெசவாலையிலே நூல் நூற்றவன் வாடகை அறைக்கு ரசீது வாங்கியிருப்பானா? 1939இல் அரசாங்க இலாகாக்களிலிருந்து இந்தியத் தினக்கூலிகள் பலர் நீக்கப்பட்டனர். வேலையோடு, அங்கே அவன் பெயர் பதியும் ஏடும் போயிற்று.

சான்றின்றி உரிமை வழங்கினால் கள்ளர் நுழைவர் என்பார் உண்டு. அது வீண் அச்சமன்று. எந்த அரசும் சான்று கேட்கவே செய்யும். ஆயினும் நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சான்று யார் கையில் இருந்தது? சம்பள ஏடு முதலாளியிடம். பிறப்புப் பதிவும் குடிவரவுப் பதிவும் அரசிடம். பெட்டியைத் தன்னிடம் பூட்டி வைத்துக்கொண்டு, சாவியைக் கொண்டுவா என்று ஏழையைக் கேட்பது நீதியாகுமா? உயர் நீதிமன்றத்தில் முறையீடு செய்யும் உரிமை இருந்தது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இருக்கவில்லை.

எஞ்சியவர்களை 1964 அக்டோபர் 30ஆம் தேதிச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, தீராத மிச்சம் 1,50,000. குடும்பங்கள் கப்பலேறின.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்த ஒப்பந்த நாள் முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர் சந்ததியினரையும் பிரஜைகளாக ஏற்றது. அன்று கேட்ட ஏழாண்டுக் கணக்கும் பத்தாண்டுக் கணக்கும் அதில் இல்லை. எளிய விதி இயலக்கூடியதே என்பது இதனால் விளங்குகிறது. அதற்கு 54 ஆண்டுகள் பிடித்தன என்பதே நம் நெஞ்சைச் சுடுகிறது. முதல் விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தவர்களில் எத்தனை பேர் அந்நாளைக் காண உயிரோடிருந்தனர்?

இனியொரு காரியாலயத்தில், கோப்பிலே ஒரு தாள் குறைகிறதென்று ஓர் ஏழையின் மனு தள்ளப்படும்போது, அந்தத் தாள் யாரிடம் இருக்கிறதென்று முதலில் கேட்போமாக.