ஒரு பிரதமரின் தபால் பை

நம் காலத்தில் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே இன்லண்ட் லெட்டர்தான். "வீட்டுக்குக் கடிதாசி போட்டாச்சாப்பா?" என்று வார்டன் அறை அறையாகக் கேட்டுக்கொண்டு வருவார். பணம் வேண்டும் என்பதைத் தவிர நாம் பெரிதாக என்ன எழுதிவிட்டோம்! ஆனால் ஒரு மனிதர் எழுதிய கடிதங்களே ஒரு தேசத்தின் சரித்திரமாகிவிட்டன. அவர் ஜவாஹர்லால் நேரு.

1928 கோடையில் மகள் இந்திரா முசௌரியில், தந்தை அலகாபாத்தில். பூமி எப்படிப் பிறந்தது, மனிதன் எப்படி வந்தான் என்று பத்து வயதுப் பெண்ணுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். பிறகு 1930 முதல் 1933 வரை பல சிறைகளில் இருந்தபடி 196 கடிதங்களில் உலக சரித்திரத்தையே எழுதி முடித்தார். பக்கத்தில் நூலகம் கிடையாது. குறிப்பேடுகளும் ஞாபகசக்தியும்தான் துணை. இது சொந்தக் கடிதமா, பொதுக் கடிதமா? இரண்டும்தான்.

பிரதமரான பிறகும் பழக்கம் விடவில்லை. 1947 அக்டோபர் 15-இல் மாகாண அரசுகளின் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து 1963 டிசம்பர் வரை, கூடியமட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, முதலமைச்சர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அகதிகள், உணவுப் பஞ்சம், காஷ்மீர், கொரியா என்று எதையும் விடவில்லை. முதல் கடிதத்திலேயே சிறுபான்மை முஸ்லிம்களைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று வற்புறுத்துகிறார். பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். நம் சென்னையில் ஓமந்தூரார், குமாரசாமி ராஜா, ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் என ஐந்து பேர் காலத்துக்கு நீண்டது இந்தக் கடிதத் தொடர். பின்னாளில் ஜி. பார்த்தசாரதி இவற்றைத் தொகுத்து ஐந்து பாகங்களாக வெளியிட்டார்.

நேரு 1958-இல் இன்னொரு காரியமும் செய்தார். தனக்கு வந்த பழைய கடிதங்களைப் புத்தகமாகப் போட்டார். அதில் 1939 மார்ச்சில் சுபாஷ் சந்திர போஸ் எழுதிய மிக நீண்ட கடிதமும் உண்டு. முழுக்க முழுக்க நேருவைக் குறைகூறும் கடிதம்! தன்னைத் திட்டி வந்ததைத் தானே அச்சுக்குக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1962 நவம்பர் 19. வடகிழக்கில் சீனப் படை முன்னேறிக்கொண்டிருந்தது. அன்று ஒரே நாளில் நேரு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். போர் விமானங்களில் 12 படைப்பிரிவுகளும் குண்டுவீச்சு விமானங்களில் 2 படைப்பிரிவுகளும் வேண்டும் என்று கேட்டார். அணிசேராக் கொள்கையின் தலைவர் எழுதிய கடிதம் அது. நவம்பர் 21-இல் சீனாவே போர்நிறுத்தம் அறிவித்துவிட்டதால் அந்த உதவிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. அவற்றின் முழு வாசகம் பல பத்தாண்டுகள் கழித்து, அமெரிக்காவிலுள்ள கென்னடி நூலகத்தின் வழியாகத்தான் வெளியே வந்தது. நம் பிரதமர் நமக்காக எழுதிய கடிதத்தை நாம் அடுத்த வீட்டு அலமாரியில் போய்ப் படிக்க வேண்டியதாயிற்று.

இதனால் நேருவின் பெருமை குறைந்துவிடாது. இக்கட்டில் தவித்த ஒரு மனிதரை அந்தக் கடிதங்களில் பார்க்கிறோம், அவ்வளவுதான். தலைவரின் வெற்றிக் கடிதங்களை மட்டும் படித்தால் அது வாழ்த்து மடல். தோல்வி நாளில் எழுதியதையும் சேர்த்துப் படித்தால்தான் சரித்திரம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் செய்திகள் கைப்பேசியோடு போய்விடுகின்றன. முக்கியமானதையாவது காகிதத்தில் எழுதி வையுங்கள். நண்பர்களே, நம் வீட்டுப் பரணிலும் பழைய கடிதக் கட்டு ஏதாவது கிடக்கும். எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கல்லூரியைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். திட்டி எழுதியிருந்தால் இன்னும் நல்லது!