நாகசாகியில் அச்சான இலக்கணம்
1590இல் இயேசு சபையார் ஜப்பானுக்கு அச்சு இயந்திரம் கொண்டுவந்தனர். ஜப்பானிய மொழி பழகும் பாதிரியாருக்காக 1592இல் அமாகுசாவில் ஹெய்கே போர்க்கதையை ரோமன் எழுத்தில் அச்சிட்டனர். பழைய நடையை விட்டு, இருவர் பேசிக்கொள்ளும் பேச்சு வழக்கில் கதை சொல்லப்பட்டது. சீன எழுத்துகளோடு மல்லுக்கட்டாமல் வாக்கிய அமைப்பு பிடிபட இது அருமையான வழி.

சிறுவயதிலேயே ஜப்பான் வந்த போர்த்துகீசியர் ஜுவாவ் ரொட்ரிகஸ் எழுதிய பெரிய இலக்கணம் 1604 முதல் 1608 வரை நாகசாகியில் அச்சானது. பெயருக்குப் பின் வரும் ‘நோ’, ‘நி’, ‘ஓ’ ஆகியவற்றை லத்தீன் வேற்றுமை வரிசையில் அவர் அடுக்கினார். தமிழின் வேற்றுமை உருபுகளை அறிந்தவருக்கு இவை எளிதில் விளங்கும். மரியாதை வழக்கு, வட்டாரப் பேச்சு, கடித நடை என நூல் விரிந்தது. புதியவருக்கு அது பெரும் சுமை. 1610இல் ஜப்பானிலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், தொடக்க மாணவருக்கேற்ற சுருக்க நூலை 1620இல் மக்காவுவில் வெளியிட்டார்.