ஸ்பிதி பள்ளத்தாக்கு

இமாசலப் பிரதேசத்தின் லாகௌல்–ஸ்பிதி மாவட்டத்தில், திபெத் எல்லையை ஒட்டி அமைந்த குளிர்பாலைவனம். பருவமழை மேகங்களை இமயத் தொடர்கள் தடுத்துவிடுவதால் இங்கு மழை மிகக் குறைவு. பனியுருகி வரும் நீரை வாய்க்கால்களில் திருப்பியே பார்லியும் பச்சைப் பட்டாணியும் விளைவிக்கிறார்கள். முக்கிய ஊரான காசா 3,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது.

மக்கள் பெரும்பாலும் திபெத்திய பௌத்தர்கள். மரபுப்படி நிலம் மூத்த மகனுக்கே சேரும். இளையவர்கள் பலர் துறவு பூண்டனர். சிறு வயல்கள் துண்டாகாமல் காத்தது இவ்வழக்கமே. 996இல் நிறுவப்பட்ட தாபோ மடாலயம் இப்பகுதியின் தலையாய செல்வம். வெளியே வெறும் மண்சுவர். உள்ளே ஆயிரமாண்டுப் பழமையான சுவரோவியங்களும் சுதைச் சிற்பங்களும். இவற்றைக் காணவே ஸ்பிதிக்குப் போகலாம்.

மலையேறுவோர் பின்–பார்வதி கணவாயை (சுமார் 5,300 மீட்டர்) நாடுகின்றனர். கிப்பர் பகுதியில் குளிர்காலத்தில் பனிச்சிறுத்தையைத் தேடிச் செல்வோரும் உண்டு. மணாலி வழியிலுள்ள குன்சும் கணவாய் குளிர்காலத்தில் மூடப்படும். சிம்லா–கின்னௌர் பாதை படிப்படியாக உயர்வதால் உயரநோய் அபாயம் குறைவு. புதியவர்கள் அதன் வழியே செல்வதே நல்லது.