இஸ்பேட் ஆஸ்: போர்வீரரின் சீட்டு நம்பிக்கைகள்

ஐம்பத்திரண்டு சீட்டுகள் கொண்ட கட்டில், வெண்மையான பரப்பின் நடுவே ஒற்றைக் கரிய சின்னத்தைத் தாங்கி நிற்கும் சீட்டு இஸ்பேட் ஆஸ் எனப்படும். ஆட்டத்துக்கே உரிய இச்சீட்டு, மேல்நாட்டுப் படைவீரரிடையே மரணத்தின் அறிகுறியாகவும், சில படையணிகளில் அதற்கு நேர்மாறாக நற்சகுனமாகவும் கொள்ளப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் மகாயுத்தங்கள் இரண்டிலும் வியட்நாம் போரிலும் இடம்பெற்றது.

தோற்றமும் பரவலும்

எகிப்தை ஆண்ட மம்லூக்கியர் காலத்துச் சீட்டுகளில் வாள், கிண்ணம், நாணயம், செண்டாட்டக் கோல் ஆகிய நான்கு இனங்கள் இருந்தன. அவ்வகைச் சீட்டுகள் பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்து, அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு தேசத்தில் ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்னும் வடிவங்களைப் பெற்றன. பிரெஞ்சுக்காரர் தம் படச்சீட்டுகளுக்குப் புகழ்பெற்ற வீரர்களின் நாமங்களைச் சூட்டினர். ஆட்டின் ஜாக்குக்கு உரிய பெயர், ஜோன் ஆஃப் ஆர்க்குடன் களத்தில் நின்ற லா ஹிர் என்னும் தளபதியுடையது. ஐரோப்பியருடன் இச்சீட்டுகள் இலங்கைக்கும் வந்தன. அந்நாட்டின் மன்னார்த் தீவை 1560இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் கைப்பற்றினர். சிங்களத்தில் இன்றும் வழங்கும் சீட்டினப் பெயர்கள், அவ்வொல்லாந்தர் விட்டுச்சென்றவையே.

அச்சத்தின் காரணங்கள்

இஸ்பேட் ஆஸ் பயங்கரத் தோற்றம் பெற்றதற்கு மாந்திரீகம் காரணமன்று. அரசாங்க வரியே பெருங்காரணம். இங்கிலாந்தில் ஆன் அரசியின் ஆட்சியில், 1711இல், சீட்டுக் கட்டுகளுக்குத் தீர்வை விதிக்கப்பட்டது; 1765 முதல் இந்த ஒரு சீட்டை மட்டும் முத்திரை அலுவலகமே அச்சிட்டு வழங்கியது. அதனைக் கள்ளத்தனமாக அச்சிட்ட ரிச்சர்ட் ஹார்டிங் என்பவர் 1805இல் தூக்கிலிடப்பட்டார்.

அச்சத்துக்குரிய மற்றொரு சீட்டாகிய டைமன் ஒன்பது 'ஸ்கொத்லாந்தின் சாபம்' எனப்படுகிறது. 1746இல் கலோடன் களத்தில், எவரையும் உயிரோடு விடவேண்டாம் என்னும் கட்டளையைக் கம்பர்லாந்துக் கோமகன் அச்சீட்டிலேயே எழுதினான் என்பது கர்ணபரம்பரைக் கதை. ஆயின் அப்பெயர் அப்போருக்கு முன்னரே வழக்கிலிருந்தமையின் கதை பிற்காலத்தது என்பது தெளிவு.

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், களம் நோக்கி நடந்த வீரர் பலர் தம் சட்டைப் பையிலிருந்த சீட்டுக் கட்டுகளை வழியோரத்தில் வீசிச் சென்றனர். சூதாட்டப் பொருளோடு இறந்து தெய்வத்தின் முன் நிற்கவும், தம் உடைமைகளைப் பெறும் அன்னையர் அதனைக் காணவும் அவர்கள் அஞ்சினர். உயிருடன் மீண்டவர்களோ புதுக் கட்டைத் தேடினர்.

இருபதாம் நூற்றாண்டு

முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியாவின் 12ஆம் படைப்பிரிவு இஸ்பேட் ஆஸையே தன் சின்னமாக ஏற்றது. 1944இல் நார்மண்டியில் இறங்கிய அமெரிக்காவின் 101ஆம் வான்வழிப் படைப்பிரிவினர், இருளிலும் குழப்பத்திலும் தம்மவரை இனங்காணும்பொருட்டுத் தலைக்கவசங்களில் சீட்டுச் சின்னங்களைத் தீட்டினர்: 506ஆம் அணிக்கு இஸ்பேட், 502ஆம் அணிக்கு ஆட்டின், 501ஆம் அணிக்கு டைமன், 327ஆம் அணிக்குக் கிளாவர்.

வியட்நாமில் இச்சின்னம் கொடிய வழியில் திரும்பிற்று. வியட்நாமியர் இஸ்பேட் ஆஸுக்கு நடுங்குவர் என்று நம்பிய அமெரிக்க அதிகாரிகள் சிலர் 1966இல் சின்சினாட்டி நகரத்துச் சீட்டு உற்பத்தி நிறுவனத்துக்கு எழுத, அந்நிறுவனம் அந்த ஒரே சீட்டு நிறைந்த கட்டுகளை ஆயிரக்கணக்கில் இலவசமாக அனுப்பியது. வீரர்கள் அவற்றைப் பாதைகளில் தூவினர். கொல்லப்பட்டோரின் உடல்கள்மீதும் வைத்தனர். ஆனால் வியட்நாமியரின் மரபுச் சீட்டுகள் சீன வழிவந்தவை. இஸ்பேட் என்னும் சின்னமே அவற்றில் இல்லை. எதிரியை அச்சுறுத்த எண்ணிய சீட்டு, அதனை ஏந்தியவர்க்கே மனவூக்கம் அளித்தது. 2003இல் ஈராக்கில் தேடப்பட்டோரின் படங்களுடன் அமெரிக்கப் படை வழங்கிய கட்டிலும் சதாம் உசேனுக்கு அளிக்கப்பட்ட இடம் இஸ்பேட் ஆஸ்தான்.

மதிப்பீடு

சீட்டின் வலிமை ஆடுவோரின் உடன்பாட்டில் மட்டுமே உள்ளது. ஈழத்தமிழர் விரும்பி ஆடும் முந்நூற்றுநாலு ஆட்டத்தில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 எனப் புள்ளிகள் வகுக்கப்பட்டு, ஓரினத்துக்கு 76ஆக நான்கினத்துக்கும் 304 ஆகின்றது. அங்கே இஸ்பேட் ஆஸ், ஜாக்குக்கும் ஒன்பதுக்கும் கீழ்ப்பட்ட சாதாரணச் சீட்டு. அதனைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை.

மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் வீதியிலுள்ள இலுப்பைக்கடவையும் அதனைச் சூழ்ந்த கரையோரமும் 2008இல் இலங்கை உள்நாட்டுப் போரின் முனையாயின. ஆதலின் இப்பொருள் இக்கரையோர மக்களுக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. அஞ்சும் மனிதன் கைக்கெட்டிய அடையாளம் ஒன்றைப் பற்றிக்கொள்வது இயல்பு, இரக்கத்துக்கும் உரியது. அதே அடையாளத்தை இறந்தவனின் உடல்மீது வைப்பதோ, மாண்டோரின் உடல்கள் சிறுமைப்படாமல் காக்கும் கடமையை 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளில் பொறித்த மனித தர்மத்துக்கு மாறானது. படைவீரர் நம்பிக்கைகளின் சரித்திரத்தை எழுதுவோர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி, முன்னதைப் பரிவோடும் பின்னதைக் கண்டனத்தோடும் பதிவு செய்தல் வேண்டும்.